காட்டும் விதியும்: தருமபுரி நடுகற்களின் மின்பதிப்பும் எபிடாக் நெறிகளும்

இண்டூர், பென்னாகரம் உள்ளிட்ட தருமபுரிப் பகுதி வட்டெழுத்து நடுகற்கள் மிகுந்த நிலம். தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறையின் ‘தருமபுரிக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதி (1975) அவற்றுட் பலவற்றின் பாடத்தை அச்சில் தந்தது. இத்தகைய பாடங்களை மின்பதிப்பாக்க முனைவோர்க்கு இன்று வழிகாட்டுவது எபிடாக். 1987-இல் தொடங்கப்பெற்ற டி.இ.ஐ. என்னும் உரைக் குறியீட்டுத் தரத்தைக் கல்வெட்டுகளுக்கு ஏற்ப வரையறுத்துக்கொண்ட நெறித்தொகுப்பு அது.

மங்கிய எழுத்து, அழிந்த எழுத்து, பதிப்பாசிரியர் நிரப்பிய எழுத்து ஆகியவற்றை எபிடாக் தனித்தனிக் குறிச்சொற்களால் பிரிக்கிறது. ஒவ்வொன்றற்கும் விளக்கமும் எடுத்துக்காட்டும் தருவது அதன் சிறப்பு. ஆயின் அது கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுகளை முன்வைத்து உருவானது. அம்மொழிகளில் ஓர் எழுத்து பெரும்பாலும் ஒரே வடிவம், தமிழில் அவ்வாறன்று.

பல்லவர் கால நடுகற்கள் பல ‘கோவிசைய’ எனத் தொடங்குகின்றன. அதன் முதலெழுத்தில் கொம்பு, ககரம், கால் என மூன்று உறுப்புகள் உள. கொம்பு சிதைந்தால் எஞ்சுவது ‘கா’. கால் சிதைந்தால் ‘கெ’ அல்லது ‘கே’. எழுத்து முழுவதையும் ‘நிரப்பியது’ எனக் குறித்தால் கல்லில் நிற்கும் ககரம் மறைகிறது. ‘மங்கியது’ எனக் குறித்தால் சிதைவு மறைகிறது. ஒருங்குறியில் ஓகாரக் குறி பெரும்பாலும் ஒரே குறியெண்ணாக எழுதப்படுவதால் அந்நிலையில் அதனை இடையில் பிளந்து குறிக்கவும் இயலாது. உரோமன் எழுத்துப்பெயர்ப்பிலும் கொம்பும் காலும் ஓர் உயிரெழுத்தாக ஒடுங்கிவிடுகின்றன.

2019-இல் தொடங்கிய ‘தர்மா’ ஆய்வுத்திட்டம் தெற்காசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளுக்கென எபிடாக் அடிப்படையில் தனிக் கையேடு வகுத்து, எழுத்தின் உறுப்புகளைத் தனித்துக் குறிக்கவும் வழி செய்தது. எனினும் அக்கையேடு ஆங்கிலத்தில், உரோமன் எழுத்துப்பெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு அமைந்தது. தமிழ் எழுத்தில் பாடம் பதிவோர் அதன் காட்டுகளை அப்படியே கைக்கொள்ள இயலாது.

இவ்விடத்து உரைமரபு துணையாகும். நன்னூற் பாயிரம் காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு என்பவற்றோடு வினாவையும் விடையையும் உறுப்பாக்குகிறது. குறியீட்டுக் கையேடுகள் முதல் மூன்றையும் நன்கு தருகின்றன. இது ஏன் பிழை என்னும் வினாவையும் அதற்குரிய விடையையும் அருகியே தருகின்றன. ஆனால் புதிதாகக் கற்போர் விதியைப் படித்து அன்று, அருகிலுள்ள காட்டைப் படியெடுத்தே குறியிடுகின்றனர். பொருந்தாத காட்டு, பொருந்தாத விதியாகவே வேலை செய்கிறது.

இதன் விளைவு சிறிதன்று. பதிப்பாசிரியர் ஊகித்த எழுத்து கல்லில் கண்ட எழுத்தாகப் பதிவானால், எழுத்தமைதி கொண்டு காலம் கணிக்கும் ஆய்வு இல்லாத சான்றின்மேல் நிற்கும். ஆதலின் தமிழ்க் கையேடு ஒவ்வொரு விதிக்கும் கல்லின் படம், சரியான குறியீடு, பிழையான குறியீடு, பிழைக்கான காரணம் ஆகிய நான்கையும் ஒருங்கே தருதல் வேண்டும். அதற்குரிய காட்டுகளைத் தருமபுரி நடுகற்களே வழங்கும்.