ஒரு சட்டையை வாசித்தல்: அறிவியல், உடல், பார்வை குறித்துச் சில குறிப்புகள்

1

2014 நவம்பர் 12. ரொசெட்டா என்கிற விண்கலம் பத்து வருஷத்துக்கு மேல் அலைந்து, சுமார் 640 கோடி கிலோமீட்டர் கடந்து, ஒரு வால்நட்சத்திரத்தை எட்டிப் பிடித்து, அதன் மேல் ஃபிலே என்கிற சிறு கலத்தை இறக்கியது. அங்கிருந்து ஒரு சமிக்ஞை பூமிக்கு வந்துசேர 28 நிமிஷம். மனிதர்கள் செய்து அனுப்பிய ஒரு பொருள் வால்நட்சத்திரத்தின் மேல் போய் மெதுவாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள ஐரோப்பிய விண்வெளி முகமையின் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து நேரடி ஒளிபரப்பு. திட்ட அறிவியலாளர் மாட் டெய்லர் காமிராவுக்கு முன் வந்து பேசினார். கையெல்லாம் பச்சை குத்திய, வழக்கமான விஞ்ஞானி பிம்பத்துக்குள் அடங்காத மனிதர். அவர் போட்டிருந்த சட்டை முழுக்க அரைகுறை உடையில், கையில் துப்பாக்கியுடன், சித்திரக்கதைப் பெண்கள்.

சட்டை ஃபிலேயை முந்திக்கொண்டது. 'பெண்களே, அறிவியலுக்கு வாருங்கள் என்று அழைக்கிற லட்சணம் இதுதானா' என்று பெண் பத்திரிகையாளர்களும் விஞ்ஞானிகளும் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு வசவும் மிரட்டலும் வந்து குவிந்தன. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 14இல், டெய்லர் ஒரு நேர்காணலில் தான் பெரிய தவறு செய்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சொல்லும்போதே அழுதுவிட்டார். உடனே அடுத்த சுற்று தொடங்கியது. அப்போது லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன், இது ஸ்டாலின் கால விசாரணைகளை நினைவுபடுத்துகிறது என்கிற ரீதியில் பத்திரிகையில் எழுதினார். ஒரு மனிதன் வால்நட்சத்திரத்தில் கலத்தை இறக்குகிறான், நீங்கள் சட்டையைப் பார்க்கிறீர்களே என்றார்கள் பலர்.

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் கிளற வேண்டும்? சமீபத்தில் நண்பர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது இந்தச் சம்பவம் பேச்சில் வந்தது. இயக்கங்களில் வேலைசெய்கிற, பெண்ணியம் பேசுகிற தோழர்களே, "அட, சட்டைதானே, விடுங்க" என்றார்கள். 'சட்டைதானே' என்கிற அந்தச் சொல் எனக்கு உறுத்தலாக இருந்தது. இந்தக் குறிப்புகள் அந்த உறுத்தலிலிருந்து எழுதப்படுபவை.

2

'சட்டைதானே' என்பவர்கள் எதை மறைக்கிறார்கள்? உடை ஒரு குறி என்பதை எல்லோரையும்விட நன்றாக அறிந்த சமூகம் நம்முடையது. மேல்துண்டை யார் தோளில் போடலாம், யார் இடுப்பில் கட்ட வேண்டும், யார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டும் என்று துணியாலும் தோலாலும் சாதியை எழுதிவைத்தவர்கள் நாம். திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக நடந்த போராட்டத்தின் முடிவில், 1859இல் மன்னர் வெளியிட்ட அறிவிப்பு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று சொன்னபோதும், உயர்சாதிப் பெண்கள் அணிகிற மாதிரி அணியக் கூடாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தே சொன்னது. மார்பை மறைக்க அனுமதி உண்டு. வித்தியாசத்தை அழிக்க அனுமதி இல்லை. துணி 'வெறும்' துணியாக இருந்ததே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

டார்ம்ஸ்டாட் சட்டைக்கு வருவோம். அந்தப் பெண் உருவங்கள் 'ஆபாசம்' என்பதல்ல என் வாதம். ஆபாசம் என்கிற சொல்லை நம் ஊரில் யார் கையில் எடுப்பார்கள், யார் மேல் வீசுவார்கள் என்று நமக்குத் தெரியும். அதே சட்டையை அவர் கடற்கரையில் போட்டிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். பிரதிக்கு அர்த்தம் அது வைக்கப்படுகிற இடத்திலிருந்து வருகிறது. இங்கே இடம், ஒரு பணியிடம். அதிலும் பெண்கள் நுழையவே நெடுங்காலம் முட்டிமோத வேண்டியிருந்த ஒரு பணியிடம். சட்டகத்துக்குள் பேசுகிறவர் ஆண், அறிகிறவர் ஆண். அவர் உடம்பின் மேல் அச்சிட்டிருப்பது பெண்கள். லாரா மல்வி 1975இல் சினிமாவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கிய அமைப்பு அப்படியே இருக்கிறது: பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுவது பெண். திரை மட்டும் துணியாகிவிட்டது.

இதோடு அவருடைய பேச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரொசெட்டாவை அவர் 'அவள்' என்றார். கவர்ச்சியானவள்தான், ஆனால் சுலபத்தில் மசிகிறவள் என்று நான் சொல்லவில்லையே என்கிற தொனியில் ஒரு வேடிக்கையும் பேசினார். இயற்கை பெண், அதைத் துரத்தி வசப்படுத்துகிற அறிவியல் ஆண் என்கிற பழைய கதையாடல் சட்டையிலும் பேச்சிலும் ஒருசேர ஓடுகிறது.

இதிலுள்ள முரணைப் பாருங்கள். அந்த வால்நட்சத்திரத்தின் பெயர் 67பி/சுர்யுமோவ்-கெராசிமென்கோ. 1969இல் அல்மா-அட்டாவில் ஸ்வெட்லானா கெராசிமென்கோ என்கிற பெண் எடுத்த புகைப்படத் தகட்டில்தான் அது முதன்முதலாகச் சிக்கியது. ரொசெட்டாவில் அமெரிக்கத் தரப்பின் திட்ட அறிவியலாளராக இருந்தவர் கிளாடியா அலெக்சாண்டர் என்கிற கறுப்பினப் பெண், 2015இல் இறந்துபோனார். வால்நட்சத்திரத்தின் வாயுக்களை முகர்ந்து பார்த்த ரோசினா கருவிக்குத் தலைமை தாங்கியவர் பெர்ன் பல்கலைக்கழகத்தின் காத்ரின் ஆல்ட்வெக். உயிர்களின் புரதத்துக்கு அடிப்படையான கிளைசின் அங்கே இருப்பதை அவருடைய குழு 2016இல் அறிவித்தது. கண்டுபிடித்தவளின் பெயர் கல்லின் மேல் இருக்கிறது. வேலைசெய்த பெண்கள் கருவிகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள். உலகத்தின் கண்ணுக்குக் கிடைத்த பெண்களோ சட்டையில் இருந்தவர்கள்.

3

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. டெய்லர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து நேராகக் காமிரா முன் குதித்துவிடவில்லை. வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சக ஊழியர்களைத் தாண்டி, ஒளிபரப்புக்காரர்களைத் தாண்டித்தான் வந்திருப்பார். பத்து வருஷத் திட்டத்தின் ஒவ்வொரு திருகாணியையும் சரிபார்த்த நிறுவனம் அது. அந்த நிறுவனத்தின் கண்ணில் சட்டை படவில்லை, அல்லது பட்டும் அது சொல்லத்தக்க விஷயமாகத் தோன்றவில்லை. இந்தப் 'படாமை'தான் பிரதி. சட்டை அதன் அடிக்குறிப்பு மட்டுமே.

ஆதிக்கம் பெரும்பாலும் வன்மமாக இருப்பதில்லை. அது பழக்கமாக இருக்கிறது. டெய்லர் பெண்களை வெறுக்கிறவர் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சட்டையே ஒரு பெண் நண்பர் அவருடைய பிறந்தநாளுக்குத் தைத்துக் கொடுத்த பரிசு. இதை ஒரு பெரிய எதிர்வாதமாகச் சொன்னார்கள்: 'தைத்தவளே பெண், அப்புறம் என்ன?' தைத்தது யார் கை என்பதைக் கொண்டு பார்வையின் பாலினத்தை முடிவுசெய்ய முடியுமா? வரதட்சணைப் பட்டியலை மாமியார்தான் வாசிக்கிறார் என்பதால் அது பெண்களின் ஏற்பாடு ஆகிவிடுமா?

அந்த அழுகையையும் வாசிக்க வேண்டும். ஒரு மனிதன் அழுவதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் இல்லை. வாழ்நாளின் பெரிய வேலையைச் செய்துமுடித்த வாரத்தில் அவர் உடைந்துபோனது வருத்தமானதுதான். விமர்சனம் செய்த பெண்களில் பலரும் அவர் அழ வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் அழுகை என்ன செய்தது? முகமை, அதன் பழக்கம், அதன் ஆட்சேர்ப்பு, அதன் கூடங்கள் எல்லாம் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டன. ஒரு தனிமனிதனும் அவன் கண்ணீரும் மட்டும் மிஞ்சின. அமைப்பைப் பற்றிய கேள்வி ஒரு நல்லவனின் சோகக் கதையாகிவிட்டது. கேட்டவர்கள் 'கொடுமைக்காரிகள்' ஆனார்கள். அவர்களுக்கு வந்த மிரட்டல்களுக்காக யார் காமிரா முன் அழுதார்கள்?

'அப்படியானால் ஓவியக் கூடங்களிலுள்ள நிர்வாணங்களையெல்லாம் துணி போட்டு மூடிவிடலாமா' என்றும் கேட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், சரியாக நூறு வருஷம் முன்பு, 1914 மார்ச்சில், லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் வெலாஸ்கெஸ் வரைந்த வீனஸைக் கத்தியால் கிழித்தார் மேரி ரிச்சர்ட்சன் என்கிற வாக்குரிமைப் போராளி. எம்மலின் பாங்க்ஹர்ஸ்டைக் கைதுசெய்து வதைப்பதற்கு எதிர்ப்பு அது. படத்துப் பெண்ணுக்காகப் பதறிய தேசம், சிறையிலிருக்கிற பெண்ணுக்காகப் பதறவில்லை என்பது அவர் கேள்வி. ஓவியத்தைக் கிழிப்பதை நான் ஆதரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

4

இதே வருஷம், ஏழு வாரம் முன்பு, நம் பக்கத்தில் இன்னொரு படம் வந்தது. செப்டம்பர் 24, மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்த நாள். பெங்களூரில் பட்டுச்சேலையும் தலையில் பூவுமாகப் பெண்கள் கட்டித் தழுவிச் சிரிக்கிற புகைப்படம். உலகமே கொண்டாடியது. நாமும்தான். நவம்பரில் சட்டைச் சர்ச்சை வந்ததும் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து, 'பார், அவர்கள் லட்சணம் அது, நம் பண்பாடு இது' என்று மார்தட்டவும் வசதியாகிவிட்டது.

பிறகு இஸ்ரோ ஒரு விளக்கம் தந்தது. படத்திலிருந்தவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள். திட்டத்தில் வேலைசெய்த பெண் விஞ்ஞானிகள் நிஜமாகவே இருந்தார்கள். நந்தினி ஹரிநாத், ரித்து கரிதால், மினல் ரோஹித் போன்றவர்கள். ஆனால் அந்தப் பெயர்கள் ஊருக்குத் தெரிய நாள் பிடித்தது. சேலையும் பூவும் போதுமானதாக இருந்தன, பெயர் தேவைப்படவில்லை. நிர்வாக ஊழியர்களையும் அவர்கள் வேலையைக் கொண்டு யாரும் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த அறைகளில் இருந்த ஆண்கள் என்ன போட்டிருந்தார்கள்? யோசித்துப் பாருங்கள், உங்களுக்கு ஞாபகம் வராது. பெண்ணின் உடை ஓயாமல் வாசிக்கப்படுகிறது. ஓர் ஆணின் உடை 2014 நவம்பரில் ஒரு தடவை வாசிக்கப்பட்டது. அதற்கே நாகரிகம் அழிந்துவிட்டதாக ஒப்பாரி வைத்தார்கள்.

'அப்படியென்றால் உடைவிதி கொண்டுவந்துவிடலாமே' என்று நிர்வாகம் உடனே கையை உயர்த்தும். அதைத்தான் நாம் கவனமாக மறுக்க வேண்டும். 2019இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை குறித்து ஓர் ஆணை போட்டது. பெண்களுக்குச் சேலை, இல்லையென்றால் துப்பட்டாவோடு சுடிதார் என்றது. ஆணையில் ஆண்களும் உண்டுதான். ஆனால் எந்த அலுவலகத்தில் ஓர் ஆணின் சட்டைப் பொத்தானை மேலதிகாரி எண்ணிக்கொண்டிருக்கிறார்? விதி பொதுவில் எழுதப்படும், துப்பட்டாவில் போய் விழும்.

நான் சில காலம் தற்காலிக விரிவுரையாளராக இருந்த தனியார் கல்லூரியில் பெண் ஆசிரியர்கள் சேலைக்கு மேல் ஓவர்கோட் போட வேண்டும். மே மாத வெயிலிலும். நான் கசங்கிய ஜிப்பாவோடு வகுப்புக்குப் போய்வந்தேன், யாரும் எதுவும் கேட்டதில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் அந்தக் கோட்டு என் கண்ணில் படவே இல்லை. பட்டபோது, "ஏங்க இதைப் போட்டுக்கிட்டு அவஸ்தைப்படுறீங்க?" என்று துறையிலிருந்த ஒரு ஆசிரியையிடம் அசட்டுத்தனமாகக் கேட்டேன். "உங்களுக்கென்ன சார், நீங்க ஜிப்பா போட்டா இன்டலெக்சுவல். நாங்க கோட்டைக் கழட்டினா கேரக்டர்" என்றார். அப்போது நான் வகுப்பில் நவீன இலக்கியத்தில் பெண்ணுடலைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்!

5

ஆகவே டார்ம்ஸ்டாடைச் சுட்டிக்காட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள எனக்கு முடியவில்லை. நம் சிறுபத்திரிகைகளை எடுத்துப் புரட்டுங்கள். எத்தனை அட்டைகளில், எத்தனை கவிதைகளுக்குப் பக்கத்தில், தலையில்லாத பெண் முண்டங்கள், கோட்டோவிய நிர்வாணங்கள்! பொருளாதாரக் கட்டுரைக்கும் அதே படம், மொழிபெயர்ப்புக் கதைக்கும் அதே படம். பெண் கவிஞரின் தொகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். 'நவீன ஓவியம்' என்று சொல்லி நாம் அதைத் தாண்டிப் போனோம். டார்ம்ஸ்டாட் கூடத்தில் இருந்தவர்கள் மாதிரியேதான். நம் இதழ்களுக்குள் எழுத வந்த ஒரு பெண், தன்னை வரவேற்கிற முதல் பெண்ணாக அந்த முண்டத்தைத்தான் பார்த்திருப்பாள்.

ஆனால் 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது என்ன நடந்தது? சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோர் தம் உடலைத் தம் சொல்லில் எழுதியபோது என்ன நடந்தது? ஆபாசம் என்றார்கள், கவனம் ஈர்க்கிற தந்திரம் என்றார்கள், மேடையேறி மிரட்டினார்கள். ஆண் வரைந்தால் அட்டைப்படம், பெண் எழுதினால் அசிங்கம். அப்போது 'சொல்தானே, விடுங்க' என்று எத்தனை பேர் சொன்னோம்? 'சட்டைதானே' என்கிற பெருந்தன்மை ஏன் அந்தப் பக்கம் போகவில்லை?

யாரையும் அழவைக்க நான் இதை எழுதவில்லை. மன்னிப்புச் சடங்குகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. வால்நட்சத்திரத்தில் இறங்கிய ஃபிலே, பிடித்து நிற்கும் கொக்கிகள் வேலைசெய்யாமல் எகிறிப்போய் ஒரு பாறை நிழலில் ஒதுங்கியது. சூரிய ஒளி போதாமல் சுமார் 57 மணி நேரத்தில் அதன் மின்கலம் தீர்ந்தது. அது எங்கே கிடக்கிறது என்பதைப் படமெடுத்து உறுதிசெய்ய ரொசெட்டாவுக்கு 2016 செப்டம்பர் வரை ஆயிற்று. கண்ணெதிரே இருப்பது தெரியவரக் காலம் ஆகும் என்பதை நான் மறுக்கவில்லை. தேட வேண்டும் என்று யாராவது முடிவெடுத்தால்தான் தெரியவரும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்த இதழின் பழைய அட்டைகளிலிருந்தே தொடங்கலாம். எதிர்வினைகளை, குறிப்பாகப் பெண்களிடமிருந்து வருகிறவற்றை, ஒரு வரி வெட்டாமல் அடுத்த இதழில் வெளியிட வேண்டும் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். என் ஜிப்பாவைப் பற்றியும் எழுதலாம்.