‘கீது’ என்று எழுத ஒரு கதைசொல்லி

வடசென்னையை வைத்து ஒரு சிறுகதை எழுதணுமா? ரெடிமேட் மசாலா இருக்கு. கஸ்மாலம், பேமானி, நாஸ்தா, பேஜார். நாலு சொல்லைத் தூவினால் ராயபுரம் தயார். அப்புறம் பாத்திரம் பேசும்: “அந்தக் கஸ்மாலம் என்ன செய்துகொண்டிருக்கிறது?” சொல் காசிமேட்டுது, வினைமுடிவு வானொலிச் செய்தியுடையது.

இங்கேதான் நம் எழுத்து சறுக்குகிறது. திருவொற்றியூர்க்காரர் ஒருவர் நாள் முழுக்க ‘கஸ்மாலம்’ சொல்லாமல் இருந்துவிடலாம். ‘கீது’ சொல்லாமல் அஞ்சு நிமிஷம் இருக்க முடியாது. ஒரு பேச்சின் அடையாளம் சொற்களைவிட அதிகமாக விகுதிகளில் இருக்கிறது.

“வந்துகினு கீறான்” என்பதைப் பாருங்கள். ‘கொண்டு’ மற்ற ஊர்களில் ‘கிட்டு’ ஆனது, இங்கே ‘கினு’. ‘இருக்கிறான்’ தலையை உதிர்த்துவிட்டு ‘கீறான்’ ஆகிவிட்டது. “அவன் வர்சொல்ல மழை” என்றால் அவன் வரும்போது மழை. மதுரைக்காரர் அதை யாரோ அவனை வரச் சொன்னதாகப் படிப்பார். இது இலக்கணம் கெட்ட தமிழ் இல்லை. பிசகாமல் ஓடும் இன்னொரு இலக்கணம்.

வாய் உதிர்ப்பதைக் கை விடாமல் எழுதுவது நமக்கு மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. ஸ்பானிய மொழியில் ‘ஆப்லோ’ என்றால் நான் பேசுகிறேன், ‘ஆப்லாஸ்’ என்றால் நீ பேசுகிறாய். விகுதி காதில் விழும். பிரெஞ்சிலோ நான், நீ, அவர்கள் மூன்றுக்கும் எழுத்தில் வேறு வேறு விகுதி, வாயில் ஒரே ‘பார்ல்’. ஆங்கிலம் பெரும்பாலான விகுதிகளைத் தொலைத்துவிட்டு, ‘ரீ’, ‘அன்’ என்று முன்னால் ஒட்டிக்கொண்டு சமாளிக்கிறது. தமிழில் எல்லாமே பின்னால்தான்: செஞ்சிடு, செஞ்சிக்கோ, செஞ்சிகினு. அதனால் வாலை வெட்டினால் ஆளே மாறிவிடுகிறார்.

1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் தமிழோடு தோள் உரசின. கடன் வாங்கிய வினைகளை இந்தப் பேச்சு நடத்தும் விதம் அழகு. ஆங்கிலச் சொல்லை வாசலிலேயே நிறுத்தி ‘பண்ணு’ கொடுக்கும்: ஃபோன் பண்ணு, லோடு பண்ணு. உருதுவின் ‘டபானா’வும் ‘சதானா’வும் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன: டபாய்க்கிறான், சதாய்ச்சிகினு கீறான். ஸ்பானியமும் இப்படித்தான் ‘சாட்’டை எடுத்து, தன் ‘ஆர்’ விகுதி போட்டு ‘சாட்டெயார்’ ஆக்கிக்கொண்டது. விகுதி ஒட்டினால் சொல் சொந்தமாகிவிடும்.

இந்தப் பேச்சு ரொம்ப நாள் சினிமாவில் சிரிப்பு மூட்டத்தான் பயன்பட்டது. லூஸ் மோகன் பேசினாலே அரங்கம் சிரிக்கும். ஜெயகாந்தன் ‘உன்னைப் போல் ஒருவன்’ போன்ற ஆக்கங்களில் சேரிப் பேச்சுக்கு மரியாதை கொடுத்தார். ஆனால் அங்கேயும் மேற்கோள் குறி முடிந்ததும் கதைசொல்லி எழுத்துத் தமிழுக்குத் திரும்பிவிடுவார். 2021இல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யில் இதே பேச்சு கோபமாகவும் மானமாகவும் அழுகையாகவும் ஒலித்தது. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சினிமாவில் வசனம் மட்டும்தான் உண்டு. கதைசொல்லியின் குரல் அங்கே கேமராவுடையது.

கி.ரா.வின் கதைசொல்லி கரிசல் பேச்சிலேயே கதை சொன்னார். அதை இலக்கியம் என்று கொண்டாடினோம். சரிதான். ஆனால் எண்ணூர் பேச்சு மட்டும் ஏன் இன்னும் பெரும்பாலும் மேற்கோள் குறிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது? கிராமத்துப் பேச்சு ‘மண் மணம்’, துறைமுகக் கூலியின் பேச்சு ‘கொச்சை’ என்று பிரித்தது மொழியியல் இல்லை. அது சாதியும் வர்க்கமும்.

பள்ளிக்கூடக் கட்டுரை ஒன்றில் “எங்க ஊட்டாண்ட கடல் கீது” என்று எழுதினேன். சிவப்பு மையில் அடித்து, “எங்கள் வீட்டின் அருகில் கடல் இருக்கிறது” என்று திருத்தியிருந்தார்கள். பரீட்சைக்கு அது தேவைதான். அதற்குப் பிறகு பல வருஷம் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை என்பதும் நிஜம்.

இந்தக் கட்டுரையையும் ‘இருக்கிறது’ என்றுதான் எழுதியிருக்கிறேன். பழகிப்போச்சு. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கதைசொல்லியே ‘கீது’ என்று சொல்லும் நாவலுக்கு நான் காத்துகினு கீறேன்.