கரிசலில் சேராத விளிம்பு

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தின் புலப்படங்களைக் கணினியில் அடுத்தடுத்து வைத்துச் சேர்த்தால், ஓரிடத்தில் இடைவெளி விழும். இன்னோரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இந்த விளிம்பை எப்படிச் சரிசெய்வது? எனக்கு இது நிலம் பற்றிய கேள்வி.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனிப் படம். ஓர் ஆதாரக் கோடு, அதிலிருந்து எல்லையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் செங்குத்தாக இத்தனை லிங்க் அல்லது மீட்டர் என்று குறிப்பு. தரையில் இரு புலங்களுக்கு நடுவே உள்ள பொழி ஒன்றுதான். பதிவில் அது இரண்டு படங்களில், இரண்டு கணக்காக இருக்கிறது. தேசியத் தகவலியல் மையத்தின் கொலாப்லேண்ட் மென்பொருள் பழைய கோட்டின் மேல் கோடு இழுக்காமல் அந்த எண்களை வாங்கியே வரைகிறது. தாள் சுருங்கிய பிழை உள்ளே வராது. பெரிய பலம் அது. அதனாலேயே இரண்டு கணக்கும் ஒத்துவராத இடம் திரையில் பளிச்சென்று தெரிகிறது.

சின்ன விலகல் என்று தள்ளவும் முடியாது. பத்துச் சங்கிலி நீள எல்லை முழுக்க ஒரு லிங்க், சுமார் 20 செ.மீ., நகர்ந்தால் சரியாக ஒரு சென்ட் போய்விடும்.

இயந்திர உதிரிபாகம் வரைபவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கம். கணினி வரைவுக்கான ஒரு கேட் மென்பொருளில் வரைந்ததை ஸ்டெப் என்ற பரிமாற்றக் கோப்பாக்கி வேறொன்றில் திறந்தால், இரு பரப்புகள் கூடும் விளிம்பு இரண்டின்மேலும் சரியாகப் படியாமல் போவதுண்டு. பல கேட் மென்பொருள்களின் உள்ளே வடிவக் கணக்கைச் செய்யும் பாராசாலிட் நிரல் எதிர்பார்க்கும் துல்லியம் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. அங்கே முதல் வழி, இரு பரப்புகளும் வெட்டும் கோட்டை மறுபடி கணக்கிடுவது. அது முடியாதபோது, கோட்டை அசைக்காமல் அந்த விளிம்புக்கு மட்டும் ஒரு தளர்வு அளவை எழுதி ஏற்றுக்கொள்வார்கள்.

முதல் வழி நிலத்துக்கு உதவாது. உலோகத்தில் பரப்புதான் மூலம், விளிம்பு அதன் விளைவு. புலத்தில் எல்லைதான் மூலம்; பரப்பளவு அதிலிருந்து வருவது. நடுவே புதுக்கோடு போட்டு ஆளுக்குப் பாதி என்பது நியாயம்போலத் தோன்றும். ஆனால் அந்த நடுக்கோட்டை எந்த சர்வேயரும் அளக்கவில்லை. படத்தையே இழுத்துப் பொருத்துவது ஓடையும் கண்மாயும் பார்க்க உதவும் கிராம வரைபடத்துக்குப் போதும். புலப்படத்தில் அப்படிச் செய்தால் ஒரு மூலையின் பிழை வம்பே இல்லாத புலங்களுக்கும் பரவும்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாம் வழிக்கு: இரு கணக்கையும் அப்படியே வைத்து, வித்தியாசத்தை எல்லையோடு எழுதுங்கள். இது வழக்கை வரவழைக்கும் என்பார்கள். பலமான மறுப்புதான். ஆனால் வித்தியாசம் ஏற்கெனவே பதிவில் கிடக்கிறது. மறைத்தால் சம்சாரி அதை நிலம் விற்கும்போதோ உட்பிரிவு செய்யும்போதோதான் அறிவார். முன்பே தெரிந்தால் எந்தப் பொழியை முதலில் அளப்பது என்றாவது முடிவுசெய்யலாம்.

அளந்தாலும் கரிசலில் ஒரு சிக்கல் மிச்சம். இந்த மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும். சர்வே கல் சாயும், நகரும். ஒரே கல்லை நம்பாமல் தள்ளியுள்ள கற்களிலிருந்தும் அளந்து ஒப்பிட வேண்டும். எழுதும் அளவோடு, அளந்தது சித்திரையிலா கார்த்திகையிலா என்பதையும் எழுத வேண்டும்.