பத்து நிமிடத்துக்குள் வார்சா

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் யூனியன்டவுன் என்றொரு சிற்றூர். 1999-இல் அங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் நார்மன் கானர்ட், மாணவியர் சிலரிடம் ஒரு பழைய பத்திரிகைத் துணுக்கைக் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில், போலந்தின் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவிலிருந்து 2,500 குழந்தைகளைக் காப்பாற்றியவர் இரேனா செண்ட்லர் என்றது அது. எண் அச்சுப்பிழையாக இருக்கலாம், தேடிப் பாருங்கள் என்றார் ஆசிரியர். தேடியதிலிருந்து பிறந்ததுதான் ‘ஜாடிக்குள் வாழ்க்கை’ நாடகம்.

தேசிய வரலாற்று நாள் போட்டிக்காக அதை அவர்களே எழுதி நடித்தார்கள். போட்டி விதிகள் கறாரானவை. நாடகம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எந்தத் தகவலை எங்கிருந்து எடுத்தோம் என்று விளக்கத்தோடு பட்டியல் தர வேண்டும். இந்த நெருக்கடிதான் பிள்ளைகளை வரலாற்றுக்குள் இழுத்துப் போகிறது. “பெற்றோர் குழந்தைகளைப் பிரிந்தனர்” என்று கட்டுரையில் ஒரே வரியில் கடந்துவிடலாம். நாடகத்தில் அது நடக்காது. தாய் முதலில் என்ன கேட்டாள்? குழந்தையை எதில் வைத்துத் தூக்கிப் போனார்கள்? அழாமலிருக்க மருந்து கொடுத்தார்களா? இதெல்லாம் தெரியாமல் அடுத்த வசனம் பேனாவில் இறங்காது.

என் பிள்ளை பிழைப்பான் என்று உறுதி தர முடியுமா என்று தாய்மார்கள் கேட்டதைச் செண்ட்லர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கெட்டோவைவிட்டு உயிரோடு வெளியேறுவோம் என்றுகூட அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. பதில் இல்லாத அந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு பள்ளி மாணவி சில நொடிகள் பேசாமல் நின்று பார்க்கட்டும். 1942 கோடையில் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயில்கள் புறப்பட்ட செய்தி, பாடப்புத்தகத்தில் தராத கனத்தை அந்த மௌனத்தில் தரும்.

மேடைக்குத் தேவையான பொருள்களையும் வரலாறே எடுத்துக் கொடுக்கிறது. தொற்றுநோய்த் தடுப்புப் பணிக்கான அனுமதிச் சீட்டைக் காட்டித்தான் செண்ட்லர் உள்ளே போய்வந்தார். உள்ளே போனதும் யூதர்களுக்கு விதிக்கப்பட்ட நட்சத்திரப் பட்டியைத் தானும் கையில் கட்டிக்கொள்வார். குழந்தைகளின் உண்மைப் பெயரையும் புதுப் பெயரையும் மெல்லிய தாளில் எழுதி, ஜாடிக்குள் போட்டு மண்ணில் புதைத்தார்கள். ஒரு சீட்டு, ஒரு பட்டி, ஒரு ஜாடி போதும். பெரிய காட்சியமைப்பு எதற்கு?

செண்ட்லரின் கல்லறை எங்கே என்று தேடிய மாணவியருக்கு, அவர் வார்சாவில் உயிரோடு இருக்கிறார் என்று தெரியவந்தது. கடிதங்கள் போய்வந்தன, 2001-இல் நேரில் சந்தித்தார்கள். அதன்பின் கதாபாத்திரம் எழுந்து நின்று கேள்வி கேட்கக்கூடிய மனுஷி. எழுதும் கைக்கு அதைவிடப் பெரிய கட்டுப்பாடு இல்லை. 2008-இல் அவர் மறைவதற்கு முன்பே நாடகம் போலந்து மேடையையும் பார்த்துவிட்டது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நாடகத்துக்கு ஒற்றை முகம் பிடிக்கும். செண்ட்லரோ நான் தனியாகச் செய்யவில்லை என்று வலியுறுத்தியவர். தோழியர் கூட்டம், ‘ஜெகோட்டா’ என்ற தலைமறைவு அமைப்பு, குழந்தைகளை ஏற்றுக்கொண்ட கன்னியர் மடங்கள் என்று நீண்ட சங்கிலி அது. 2,500 என்ற எண்ணையும் பின்வந்த ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். இன்னொரு வகுப்பு இதே கதையை எழுத எடுத்தால், நள்ளிரவில் மடத்துக் கதவைத் திறந்த ஒரு கன்னியரின் பக்கமிருந்து தொடங்கச் சொல்வேன்.