கண்காட்சிக் கட்டடக்கலையும் மரபுரிமையின் வயது வரம்பும்: புது தில்லி ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ மண்டபத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தேசியக் கண்காட்சிக்கென எழுப்பப்பட்ட கட்டடம் எப்போது மரபுச் சின்னமாகிறது? 1972இல் கட்டப்பட்டு 2017இல் இடிக்கப்பட்ட ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ மண்டபத்தை இலண்டன், சென்னைச் சான்றுகளோடு ஒப்பிட்டு, வயதை மட்டுமே அளவுகோலாகக் கொள்வது நவீனக் கட்டடக்கலைக்குப் பொருந்தாது என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கண்காட்சி, நவீனக் கட்டடக்கலை, மரபுரிமை, பிரகதி மைதானம், அண்ணா நகர்.

முன்னுரை

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டத்திலுள்ள அதியமான்கோட்டையின் சென்றாயப் பெருமாள் கோயில், நடுவணரசின் பாதுகாப்புப் பெற்ற சின்னம். அதன் ஓவியங்களைக் காப்பது நம் கடமை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமும் குறைந்தது 100 ஆண்டு பழமையுடையவற்றையே தொல்சின்னமாகக் கொள்கிறது. நூற்றாண்டு காணாத கட்டடங்களின் நிலை என்ன? குறிப்பாக, சில வாரக் கண்காட்சிக்கென எழுந்தவற்றின் நிலை என்ன? இவ்வினாக்களே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

இலண்டன் முன்மாதிரி

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறாண்டுகளுக்குப் பின், 1951 மே மாதம் ‘பிரிட்டன் விழா’ தொடங்கியது. குண்டுவீச்சில் சிதைந்த நாட்டுக்கு மீட்சியின் காட்சியாக அது அமைந்தது. தேம்ஸ் தென்கரையில் எழுந்த ‘டோம் ஆஃப் டிஸ்கவரி’, ‘ஸ்கைலான்’ ஆகியவை விழா முடிந்த பின் அகற்றப்பட்டன. நிலைத்த இசையரங்காகத் திட்டமிடப்பட்ட ‘ராயல் ஃபெஸ்டிவல் ஹால்’ மட்டும் அங்கே எஞ்சியது. 1988இல் அது முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றது. அப்போது அதன் வயது 37.

மண்டபத்தின் ஆக்கம்

விடுதலையின் வெள்ளி விழா ஆண்டான 1972இல், வங்கதேசப் போர் முடிந்து ஓராண்டு நிறைவதற்குள், ‘ஆசியா 72’ பன்னாட்டு வணிகக் கண்காட்சி புது தில்லிப் பிரகதி மைதானத்தில் தொடங்கியது. அதன் மைய மண்டபத்தைக் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவாலும் கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜும் உருவாக்கினர். உச்சி தறித்த பிரமிடின் வடிவில், தூண்கள் குறுக்கிடாமல் சுமார் 78 மீட்டர் அகலத்துக்கு அது விரிந்து நின்றது.

முக்கோண உறுப்புகளைப் பின்னி எழுப்பும் இத்தகைய முப்பரிமாணச் சட்டகத்துக்கு எஃகே வழக்கமான பொருள். அன்று இந்தியாவில் எஃகு அரிது, விலையும் மிகுதி. தொழிலாளர் உழைப்போ எளிதில் கிடைத்தது. எனவே முழுச் சட்டகமும் கம்பி வலுவூட்டிய காங்கிரீட்டில், அந்த இடத்திலேயே வார்க்கப்பட்டது. ஒரு முனையில் பல சாய்தண்டுகள் கூடும் கணுக்களை அச்சடைத்து வார்ப்பது கடினமான பணி. இயந்திரத் துல்லியத்தை வேண்டும் வடிவத்தைக் கைத்திறன் நிறைவேற்றியது. சட்டகத்தின் ஆழமே வெயிலைத் தடுத்தது. நம் கோயில்களின் கற்பலகணி ஒளியை வடிகட்டி உள்ளே விடுவதை இது நினைவூட்டும்.

மேலை நவீனத்தின் நகல் என இதனை ஒதுக்குவது பிழையாகும். வடிவத்தின் கருத்து பொதுவானதாக இருக்கலாம். அது பெற்ற உடல் இந்நாட்டுப் பொருளியல் நிலையிலிருந்து பிறந்தது. பற்றாக்குறையே இங்கு அழகியலாயிற்று.

இடிப்பும் அதன் தருக்கமும்

புதிய மாநாட்டு வளாகத்துக்காக இம்மண்டபத்தை அகற்ற முடிவு செய்யப்பட்டது. இன்றைய வணிகக் கண்காட்சியின் தேவைகளுக்குப் பழைய வளாகம் போதாது என்னும் வாதத்தை முற்றிலும் புறந்தள்ள இயலாது. எனினும், தேவை மாறியதென்பது இடிப்புக்கு மட்டுமன்றி மறுபயன்பாட்டுக்கும் காரணமாகலாம்.

தில்லியின் மரபுரிமைப் பாதுகாப்புக் குழு, குறைந்தது 60 ஆண்டு கடந்த கட்டடங்களையே கருத முடியும் என்னும் நிலைப்பாட்டை எடுத்தது. உயர் நீதிமன்ற முறையீடுகளும் பயனளிக்கவில்லை. 2017 ஏப்ரலில், தன் 45ஆம் வயதில், மண்டபம் தரைமட்டமானது. ஐந்தாண்டுகளுக்குப் பின் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தெற்காசியக் கட்டடக்கலைக் கண்காட்சியொன்றில் இதற்கு இடமளித்தது. கண்காட்சிகளுக்காகப் பிறந்த கட்டடம் தானே காட்சிப்பொருளாயிற்று.

60 ஆண்டு வரம்பு இலண்டனில் செயற்பட்டிருந்தால் ‘ராயல் ஃபெஸ்டிவல் ஹால்’ 2011 வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். கட்டடம் பாதுகாப்பின்றி நிற்கும் இடைக்காலத்திலேயே நிலத்தின் விலை ஏறுகிறது, பயன்பாடு மாறுகிறது. காலம் தரவேண்டிய தகுதியைக் காலமே பறித்துவிடுகிறது.

சென்னைச் சான்று

1968இல் சென்னையில் நடந்த பன்னாட்டு வணிகக் கண்காட்சிக்காக, நடுவக்கரைப் பகுதியில் 135 அடி உயரமுள்ள விசுவேசுவரய்யா கோபுரம் எழுந்தது. அங்கு வளர்ந்த அண்ணா நகருக்கு அதுவே அடையாளமானது. கோபுரத்தைச் சூழ்ந்த பூங்கா அப்பகுதி மக்களின் அன்றாட வெளியாயிற்று. பத்தாண்டுக்கு மேல் மூடப்பட்டிருந்த கோபுரம் 2023இல் சீரமைக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. கட்டமைப்புத் துணிவில் இதனைத் தில்லி மண்டபத்துக்கு இணையாக வைக்க இயலாது. ஆயினும் இதற்குக் கிடைத்த அன்றாடப் பயன்பாடு அதற்குக் கிடைக்கவில்லை. கண்காட்சி நாட்களில் மட்டும் கூட்டம் கண்ட மண்டபத்துக்காகப் பேசியவர் பெரும்பாலும் கட்டடக் கலைஞர்களும் மரபுரிமை ஆர்வலர்களுமே.

முடிவுரை

நவீனக் கட்டடத்தின் தகுதியை வயதைக் கொண்டன்றி, கட்டுமான முறையின் புதுமை, வரலாற்றுச் சூழல், மக்கள் பயன்பாடு ஆகிய மூன்றையும் கொண்டு அளத்தல் வேண்டும். ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ முதலிரண்டிலும் தேறியது. மூன்றாவதைப் புதிய பயன்பாட்டால் உருவாக்கியிருக்கலாம். விடுதலைக்குப் பிந்தைய தமிழகக் கட்டடங்களின் வரைபடங்களையும், அவற்றைக் கட்டியவர்களின் நினைவுகளையும் தொகுப்பது தமிழாய்வின் உடனடிப் பணியாகும். நூறாண்டு நிறைவுக்குக் காத்திருந்தால், ஆராய்வதற்கு நிழற்படங்களே எஞ்சும்.