கற்பனைச் சிறையும் கண்ட சிறையும்

சென்ற மழைக்காலத்தில் நாம் கேமரன் மலையில், தானா ராத்தாவுக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாள் தங்க நேர்ந்தது. கொழுந்து பறிப்போரில் இன்று பெரும்பாலோர் பிற நாடுகளிலிருந்து வந்தவர்களேயாயினும், பழைய லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் சில இன்னும் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்குமேல் அந்த லயத்துத் திண்ணையொன்றில் இளைஞர் மூவரும் பெண்கள் இருவரும் கூடி, காகிதமும் பென்சிலும் இருபது முகமுள்ள பகடையும் வைத்துக்கொண்டு ஏதோ வாதாடிக்கொண்டிருந்தனர். சூதோ என ஐயுற்று அருகிற் சென்றோம். சூதன்று, கதை.

இவ்விளையாட்டு 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கைகாக்ஸ், ஆர்னிசன் என்னும் இருவரால் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளியிடப்பட்ட ஆட்டத்தின் வழி வந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாம் செய்வதைச் சொல்லுவர். வெற்றி தோல்வியைப் பகடை தீர்க்கும். விளையாட்டுக்கு விமரிசனமா என்று சிலர் நகைக்கலாம். விக்கிரமாதித்தன் கதையைத் திண்ணையிற் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாயாற் சொல்லப்படுவதாலேயே ஒன்று கதை அல்லாமற் போய்விடாது. கதையானால் அதன் பொருத்தத்தையும் பொருத்தமின்மையையும் ஆராய நமக்கு உரிமையுண்டு.

அன்றிரவு அவர்களுடைய வீரர் நால்வரும் வலையில் அகப்பட்டு, ஒரு மந்திரவாதியின் நிலவறையில் அடைக்கப்பட்டனர். காவலன் ஒருவன், அவனும் உறங்குகிறான், சாவியோ அவன் இடுப்பிலே. சுவரில் ஒரு கல் ஆடுகிறது. பறிக்கப்பட்ட வாள்களெல்லாம் அடுத்த அறையிலேயே ஒரு பெட்டியில் இருக்கின்றன. அரை மணி நேரத்தில் நால்வரும் வெளியேறிவிட்டனர். ஒரு மூலையில் கம்பளி போர்த்து உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, கதை நடத்திய பிள்ளையை நோக்கி, "ஏன் தம்பி, அடைச்சு வச்சாங்கன்னியே, இவனுகளுக்குச் சோறு யாரு போட்டா?" என்று கேட்டாள். "அதெல்லாம் கதையில வராது பாட்டி" என்றான் பிள்ளை. நாம் அறிந்த விமரிசகர்களில் இக்கேள்வியைவிடக் கூர்மையான கேள்வி கேட்டவர் அதிகம் இல்லை.

சிறை என்பது சுவரும் பூட்டும் அன்று. ஒருவனைக் கொல்லாமல் வைத்திருக்க வேண்டுமாயின் அவனுக்குச் சோறும் நீரும் கொடுத்தாக வேண்டும். கொடுப்பதற்கு ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். ஆகவே, 'ஏன் இவர்களைக் கொல்லவில்லை?' என்னும் வினாவுக்கு விடை சொல்லாத எந்தச் சிறைக்காட்சியும் நிற்காது. பணயமாகவோ, ஒற்றறியவோ, வேலை வாங்கவோ, ஊரார்முன் காட்டி அச்சுறுத்தவோ, ஏதோ ஒரு பயன் கருதியே சிறைப்படுத்துவோன் செலவு செய்கிறான். அப்பயன் தெரிந்துவிட்டால், காவல் எப்படி இருக்கும், கைதி எங்கே வைக்கப்படுவான், எதைக் கொண்டு அவன் பேரம் பேசலாம் என்பனவெல்லாம் தாமே விளங்கிவிடும்.

இம்மலையிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆந் தேதி, பாங்காக்கில் பட்டு வாணிபம் செய்து பெயர்பெற்ற அமெரிக்கரான ஜிம் தாம்சன் தானா ராத்தாவின் 'மூன்லைட்' பங்களாவிலிருந்து பிற்பகலில் வெளியே சென்றவர் மீளவில்லை. போலீசாரும் படையினரும் ஒராங் அஸ்லி மக்களும் காட்டைச் சல்லடை போட்டனர். ஒரு துணுக்குத் துணியும் கிடைக்கவில்லை. அவர் முன்னாளில் அமெரிக்க ஒற்றுத்துறையில் இருந்தவராதலின், 'கடத்திவிட்டார்கள்' என்ற கதை அன்றே பிறந்தது. அதை நம்பாதவர்கள் முதன்மையாகச் சொல்லும் காரணம், பணயத்தொகை கேட்டு நம்பத்தக்க கடிதம் எதுவும் வரவில்லை என்பதே. பிடித்தவன் எதையும் கேட்கவில்லையெனில், பிடித்தானா என்பதே ஐயத்துக்குரியதாகிறது. மெய்ந்நிகழ்ச்சிக்கே மக்கள் இவ்வளவு காரணம் கேட்கும்போது, கட்டுக்கதைக்குக் கேட்கலாகாதா?

மேனாட்டார் அச்சிட்ட கதைகளும் இக்குறைக்கு விலக்கல்ல. இதே ஆட்டத்துக்காக 1981இல் வெளிவந்த 'அடிமைத் தலைவர்' வரிசையின் கடைசிப் பகுதியில், வீரர்கள் ஆயுதமும் உடைமையும் இழந்து நிலத்தடியில் விழிக்கின்றனர். கையில் ஒன்றுமில்லாதவன் அறிவைக்கொண்டே பிழைக்க வேண்டும் என்ற அமைப்பு மெச்சத்தக்கது. ஆனால் அதற்கு முந்திய பகுதியின் முடிவில், ஆடுவோர் எவ்வளவு திறமையாக ஆடினாலும் பிடிபட்டே தீரவேண்டும் என்று விதித்துவிட்டார்கள். பகடை எதற்கு? கணினித் திரையில் ஆடும் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் கைதியாகவே கதை தொடங்குவது வழக்கமாகிவிட்டது. 2006இல் வந்த 'ஆப்லிவியன்' ஆட்டத்தில் கைதியின் அறைச்சுவருக்குப் பின்னால், பேரரசன் தப்பிச் செல்லும் இரகசியச் சுரங்கமே இருக்கிறது! கைதியை அடைக்க அரண்மனையார்க்கு வேறு அறை கிடைக்கவில்லை போலும்.

நம்மவர் எழுத்திலும் இது உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில், தஞ்சைப் பாதாளச் சிறையிலிருந்து வந்தியத்தேவன், வந்த வைத்தியர் மகனைக் கட்டிப்போட்டுத் தப்புவது படிக்க விறுவிறுப்பானதே. அத்துணைப் பெரிய அரசின் காவல் அத்துணை எளிதோ என்ற ஐயம் பின்னர்தான் எழும். அவரே 1944 முதல் எழுதிய 'சிவகாமியின் சபத'த்தில் காட்சி முற்றிலும் வேறு. வாதாபியில் சிறைப்பட்ட சிவகாமியை மீட்க மாமல்லன் மாறுவேடத்தில் வருகிறான், வழி திறந்திருக்கிறது, அவள் வர மறுக்கிறாள். தான் செய்த சபதமே அவளுக்குப் பூட்டாகிவிட்டது. வெளியிலுள்ள கதவைவிட உள்ளேயுள்ள கதவு வலிது என்பதை அறிந்து எழுதிய பகுதி அது.

இன்னும் பின்னோக்கினால், நம் பழந்தமிழில் சிறையின் மெய்யுருவைக் காட்டும் ஒரு செய்தி இருக்கிறது. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானால் குடவாயிற் கோட்டத்தில் சிறை வைக்கப்பட்டான். நீர் கேட்டான், காவலர் உடனே தரவில்லை, காலந்தாழ்த்தித் தந்தபோது அவன் அதை உண்ணாது உயிர் துறந்தான். புறநானூற்றின் 74ஆம் பாட்டு இதையொட்டியதே. இங்கே சுரங்கமில்லை, மந்திரமில்லை. ஒரு குவளை நீர், அது வந்த நேரம், அதைக் கொடுத்தவன் முகம். சிறை என்றால் என்ன என்பது இம்மூன்றிலும் அடங்கிவிட்டது. 'மணிமேகலை' ஆசிரியரோ சிறையில் மணிமேகலைக்கு மந்திரத்தைத் துணையாக்கிப் பசியைத் தீர்த்துவிடுகிறார். அவ்விடத்தில் நமக்கு நம்பிக்கை தளர்கிறது. ஆயினும் அவளே முன்னர் சிறைக்கோட்டத்துட் புகுந்து கைதிகளுக்குச் சோறிட்டதையும், அரசனிடம் அதை அறக்கோட்டமாக்கக் கேட்டதையும் சொன்னவர் அவர்தாமே. கிழவியின் கேள்விக்கு அன்றே ஒரு புலவர் விடை எழுதி வைத்திருக்கிறார்.

நிற்க. பிடிபடும் காட்சியில் மற்றொரு பெருங்குறை, ஆடுவோர் சரணடைய மறுப்பது. கடைசி மூச்சுவரை போரிடுகிறார்கள்; கதை நடத்துவோன் வேறு வழியின்றி வலையையும் மயக்கப் பொடியையும் தேடுகிறான். மெய்யான போரில் மனிதர் சரணடைகின்றனர். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆந் தேதி சிங்கப்பூரில் பெர்சிவல் சரணடைந்தபோது, பல்லாயிரம் படைவீரர் ஒரே நாளில் கைதிகளாயினர். நகரில் குடிநீர் அற்றுப்போகும் நிலை வந்ததும் அதற்கொரு காரணம். மீண்டும் தண்ணீர்! ஆட்டத்தில் எவரும் சரணடையாமைக்குக் காரணம், சரணடைந்தோன் பிழைப்பான் என்று கதை ஒருமுறையேனும் அவர்களுக்குக் காட்டவில்லை என்பதே. எதிரி ஒருவனாவது கைதியை ஒழுங்காக நடத்தும் காட்சியை முன்னரே வைத்தால், பின்னர் வலை வேண்டியதில்லை.

தப்புதல் பற்றியும் ஒன்று. ஜப்பானியர் காலத்தில் மலாயாக் காட்டில் மறைந்திருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஸ்பென்சர் சாப்மன் 1944இல் ஜப்பானியரிடம் பிடிபட்டு, அன்றிரவே கூடாரத்துணிக்கு அடியில் நழுவித் தப்பினார். சிறைக்குப் போய்ச் சேருவதற்குமுன், காவல் இன்னும் ஒழுங்குபடாத முதலிரவு அது. கதை எழுதுவோர் இதைக் கவனிப்பார்களாக. பூட்டுத் திறக்கும் வித்தையைவிட இது எவ்வளவோ நம்பத்தக்கது.

ஆனால் தப்பியவன் எங்கே போவான்? 1942-43இல் சயாம்-பர்மா இரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரமாயிரமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இலவசப் படம் என்று அழைத்து, கொட்டகை நிரம்பியதும் கதவடைத்து ஏற்றிச் சென்றனர் என்று மீண்டு வந்தோர் சொல்லியிருக்கின்றனர். எந்தக் கதாசிரியனின் வலையைவிடவும் இது எளியது. 415 கிலோமீட்டர்ப் பாதையின் முகாம்களில் பல இடங்களில் உயர்ந்த மதிலில்லை. காடும் காலராவும் மொழி தெரியாத ஊரும் மதிலுக்குப் பதிலாக நின்றன. நம் பாட்டன்மார் ஒப்பந்தக் கூலிகளாக வந்த காலத்திலும், 1910இல் அம்முறைக்கு முடிவு வரும்வரை, தோட்டத்துக்குப் பூட்டு இருந்ததில்லை. தோட்டத்தை விட்டு ஓடுதல் குற்றம், கடனோ தீராது. பூட்டில்லாச் சிறையை நன்கறிந்த குடிமரபில் வந்த பிள்ளைகள், கதை சொல்ல உட்கார்ந்ததும் எங்கோ மேனாட்டுக் கோட்டையின் ஆடும் கல்லைத் தேடுவானேன் என்பதே நமது வருத்தம்.

கற்பனைக்கு மெய்ம்மை வேண்டுமோ, மந்திரவாதியும் நாகமும் வரும் கதையில் காவலனின் கூலியைக் கணக்கிடுவதா என்று வினவுவோர் உளர். நாகம் நெருப்பை உமிழட்டும், நமக்கு மறுப்பில்லை. பசி மட்டும் எந்த உலகத்திலும் பசியே.

மறுநாள் இரவும் திண்ணைக்குச் சென்றோம். மழை விடவில்லை. கிழவியின் தந்தை சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் என்பதை அன்றுதான் அறிந்தோம்; கதை நடத்தும் பிள்ளை அவளுடைய பேரன் என்பதையும். வீரர்கள் மீண்டும் பிடிபட்டிருந்தனர். ஆனால் இம்முறை காவலன் உறங்கவில்லை. சோற்றுத் தட்டோடு வந்தான். பெண்களில் ஒருத்தி, "உங்க பேரு என்ன அண்ணே?" என்று காவலனைக் கேட்டாள். கதை நடத்துவோன் திகைத்து, பகடையைக் கையிலெடுத்து, மீண்டும் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தான். பிறகு ஒரு பெயர் சொன்னான். அவனுக்கு ஊரில் பிள்ளைகள் உண்டு, மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்றும் சொன்னான். அதன்மேல் நெடுநேரம் பேச்சு நடந்தது. விடியற்காலைத் தாப்பா பஸ்ஸுக்கு நாம் புறப்பட வேண்டியிருந்ததால், அவர்கள் தப்பினார்களா என்று தெரிந்துகொள்ள முடியவில்லை.