அரை இழுப்பு

திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு செய்யும் முதிய கைகளை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். லிவரின் விளிம்பில் அரத்தால் ஓர் இழுப்பு. சாவியை விட்டுப் பார்ப்பார். இன்னும் அரை இழுப்பு. சாவி உட்கார்ந்துவிட்டால் குழந்தை திருகினாலும் திறக்கும். உட்காராவிட்டால் பயில்வானுக்கும் அசையாது. ராமநாதன் கிருஷ்ணனின் டென்னிஸைப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்க்கும்போதெல்லாம் அந்த அரை இழுப்புதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

1937இல் நாகர்கோவிலில் பிறந்தவர். ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் அப்பா டி.கே. ராமநாதன். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம்; ஆசியாவிலிருந்து போய் அதை வென்ற முதல் பையன் இவர்தான்.

அவருடைய சர்வ் மெதுவானது. அதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிராளியின் வேகத்தை வாங்கி, அதையே அவர் நிற்காத இடத்துக்குத் திருப்பி அனுப்புவதுதான் கிருஷ்ணனின் ஆட்டம். தன் கையிலிருந்து வேகம் போடவேண்டிய தேவை அவருக்குக் குறைவு. ஹாஃப் வாலியைக் கவனியுங்கள். பந்து தரையில் பட்டு எழும் கணத்திலேயே மட்டை அதன் கீழே போய்விடுகிறது. மற்றவர்கள் வேறு வழியில்லாமல் அடிக்கும் அடி அது. கிருஷ்ணன் அதை விரும்பி அடித்தார். ஓட்டமும் அதிகம் தெரியாது. பந்து எங்கே வரும் என்று முன்பே தெரிந்தவர் எதற்காக ஓட வேண்டும்?

1961 விம்பிள்டன் கால் இறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வென்றார். எமர்சன் மொத்தம் 12 கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வாங்கிய மனிதர். கிருஷ்ணன் அரை இறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். அதற்கு முந்தைய ஆண்டு அரை இறுதியில் நீல் ஃப்ரேசரிடம். இருவருமே அந்தந்த ஆண்டு கோப்பையைத் தூக்கினார்கள். 1962இல் நான்காம் தரவரிசையோடு போனவரைக் கணுக்கால் காயம் பாதியில் திருப்பி அனுப்பியது. அந்த ஒரு கணுக்காலை நினைத்து இன்றும் எனக்கு ஆற்றாமை உண்டு.

அவர் வாழ்வில் நான் பெரிதாக மதிக்கும் முடிவு வேறு. ஜாக் க்ராமர் தம்முடைய தொழில்முறைக் குழுவுக்குப் பெரும் பணம் கொடுத்து அழைத்தார். போனால் டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆட முடியாது. கிருஷ்ணன் போகவில்லை. அதன் பலனை 1966இல் கல்கத்தா பார்த்தது. பிரேசிலுடன் இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோச் இரண்டு செட்டுக்கு ஒன்று என முன்னிலை, நான்காவதில் 5-2. அங்கிருந்து கிருஷ்ணன் அந்த செட்டை 7-5 என்று எடுத்து, அடுத்ததை 6-2 என்று முடித்தார். இந்தியா முதன்முறையாக இறுதிக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றாலும், அந்த ஒன்று சாதாரணமானதல்ல: கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகோம்ப்–ரோச் இணையை வீழ்த்தினார்கள்.

இந்தக் கைப்பக்குவம் மகனுக்கும் வந்தது. ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார், அப்பாவுக்குச் சரியாக 25 ஆண்டுகள் கழித்து. 1989இல் ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை இரண்டாம் சுற்றிலேயே வெளியேற்றினார். அவருடைய சர்வும் மெதுவானதுதான்.

நம் ஊரில் மாலையில் மட்டையோடு கிளம்பும் பிள்ளைகளுக்கு ஓங்கி அடிப்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்களை ஒரு நாள் உட்காரவைத்து, கிருஷ்ணன் ஆடிய பழைய படத்துணுக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். அடிப்பதற்கு முன் அவர் மட்டை பின்னால் எவ்வளவு குறைவாகப் போகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.